பாயிரமும் பணமும்

ஒரு நூலைப் புகழ்தற்கு உரியவர் யார் என்னும் வினாவை எடுத்துக்கொண்ட நன்னூலார், ஆசிரியன் எத்துணை அரிய விஷயங்களை ஆராய்ந்து முடித்தவனாயினும் தன்னைத் தானே வியந்து கூறுதல் தகாது என்று விலக்கி, அவனுடைய ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகிய நால்வரே சிறப்புப் பாயிரம் செய்தற்குரியர் என்று வரையறுத்தார். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரையும் தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்றே உரைமரபு கூறும். இந்நால்வரும் நூலுக்கு முற்றிலும் அந்நியர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. பக்ஷபாதமற்ற சாட்சி கிடைப்பது அரிது என்று அறிந்த நம் முன்னோர், சாட்சிக்கும் நூலுக்கும் உள்ள சம்பந்தம் அவையறியக் கிடந்தால் போதும் என்று கருதினர் போலும்.

அச்சுக்கூடங்களின் மீதிருந்த தடைகள் 1835இல் நீங்கிய பின்னர், புலவர்கள் தாமே பிரபுக்களிடம் பொருளும் கையொப்பமும் திரட்டித் தம் நூல்களை வெளியிடத் தொடங்கவே, பாயிரம் பக்கம் பக்கமாகச் சாற்றுகவிகளாகப் பெருகிற்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாயிரம் பெறுவதைப் பலர் பெரும்பேறாக எண்ணினர். அப்புகழுரைகளில் மிகை உண்டு; ஆயினும் பாடியவரின் பெயரும் ஊரும், அவர் எந்த ஆதீனத்து வித்துவான், எவருடைய மாணாக்கர் என்பனவும் செய்யுளின் தலைப்பிலேயே அச்சாகி, பொருளுதவியவர் பெயரும் நூல்முகப்பில் விளங்கியமையால், வாசிப்பவன் அப்புகழிற் கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொள்ள வழியிருந்தது.

அதே நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் அவ்வழி அடைபட்டது. ஹென்றி கோல்பர்ன் என்னும் பிரசுரகர்த்தர் தாம் 1817இல் தொடங்கிய 'லிட்டரரி கெஜட்' முதலிய, தமக்குப் பங்குள்ள பத்திரிகைகளிலேயே தம் வெளியீடுகளைப் புகழ்வித்துப் பேர்பெற்றார். 1830இல் மெக்காலே, ராபர்ட் மான்ட்கோமெரியின் கவிதைகளைக் கண்டித்தெழுதிய கட்டுரையில் இவ்விளம்பரப் புகழ்ச்சி முழுவதையும் சாடினார். அமெரிக்காவிலோ, 1855இல் 'புல்லின் இதழ்க'ளைத் தாமே வெளியிட்ட வால்ட் விட்மன், அதற்குப் பெயரிடாத மதிப்புரைகளையும் தாமே எழுதிப் பத்திரிகைகளுக்கு அளித்தார். நன்னூலார் விலக்கிய தற்புகழ்ச்சி, பெயரை மறைத்தவுடன் பிறர் சாட்சியாக வேஷம் பூண்டது.

தாமே நூல் வெளியிடும் எழுத்தாளர் பெருகிய இக்காலத்தில், 2010இல் அமெரிக்கர் ஒருவர் மதிப்புரை ஒன்றுக்கு 99 டாலர், ஐம்பதுக்கு 999 டாலர் என விலை வைத்து விற்றார். இரண்டாண்டுகளுக்குப்பின் அது செய்தித்தாளில் வெளியாயிற்று. பணம் பெற்றுப் புகழ்வோர் அதனை வெளிப்படுத்த வேண்டும் என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2009இலேயே நெறி வகுத்திருந்தது.

இவற்றினும் நுட்பமானது 1933இல் தோன்றிய 'கர்க்கஸ்' என்னும் அமெரிக்க நூல் மதிப்புரை நிறுவனத்தின் முறை. தனி எழுத்தாளரிடம் அது வெளிப்படையாகவே கட்டணம் பெற்று, புகழ்ச்சிக்கு உறுதி கூறாமல் மதிப்புரை எழுதுவிக்கிறது. ஆனால் அம்மதிப்புரை பாதகமாயின் அதனை வெளியிடாமல் நிறுத்திக்கொள்ளும் உரிமை எழுத்தாளருக்கு உண்டு. எழுதியவர் எத்துணை நேர்மையுடையவராயினும், இம்முறையில் இகழ்ச்சி பெட்டியில் உறங்க, புகழ்ச்சி மட்டுமே உலகை அடைகிறது. ஒரு நூலைப் பொறுமையாக வாசித்து அபிப்பிராயம் சொல்பவனுடைய உழைப்புக்குக் கூலி கொடுப்பது பாவமன்று. கொடுத்ததை மறைத்தலே குற்றம். அதனோடு, கூலி கொடுத்தவன் தீர்ப்பை ஒளிக்கும் உரிமையையும் சேர்த்து விலைக்கு வாங்கலாகாது.