ஆசிரியர் தர மதிப்பீடும் பதவி உயர்வும்

பள்ளி ஆசிரியரின் ஊதியத்தையும் பதவியையும் உயர்த்துவதற்கு இரண்டு அடிப்படைகள் வழக்கில் உள்ளன. ஒன்று, பணியாற்றிய ஆண்டுகளைக் கணக்கிடும் காலமுறை. மற்றொன்று, மாணவரின் தேர்ச்சியைக் கொண்டு ஆசிரியரின் திறனை அளக்கும் முறை. இரண்டாவது முறை இக்காலத்துக்கு உரியது, காலமுறை பழைய அலுவலக வழக்கத்தின் எச்சம் என்றே பலரும் எண்ணுகின்றனர். வரலாறு இதற்கு நேர்மாறானது. பிள்ளைகளின் தேர்ச்சிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் அளந்த முறை 19ஆம் நூற்றாண்டிலேயே நடைமுறைக்கு வந்து, 30 ஆண்டுகளுக்கு மேல் சோதிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. காலமுறை ஊதியம் உறுதியாக நிலைபெற்றது அதன் பிறகுதான்.

இங்கிலாந்தில் 1846 முதல் சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அரசே நேரடியாக ஓர் ஊதியக் கூடுதல் வழங்கிவந்தது. செலவு ஏறியது. 1858இல் அமைக்கப்பட்ட நியூகாசில் ஆணையம், பிள்ளைகளின் அடிப்படைத் திறன்களைச் சோதித்துப் பணம் தரலாம் என்று 1861இல் அறிக்கை தந்தது. கல்விப் பொறுப்பிலிருந்த ராபர்ட் லோ மறு ஆண்டே ‘திருத்திய விதித்தொகுப்பு’ ஒன்றைக் கொண்டுவந்தார். சராசரி வருகைக்காகப் பிள்ளை ஒன்றுக்கு 4 ஷில்லிங். படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் மேலும் 8 ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். தேர்வில் உட்காரவே 200 அரைநாள் வருகை வேண்டும். பாடம் ஆறு படிநிலைகளாக வகுக்கப்பட்டது: முதல் படியில் ஓரசைச் சொற்களாலான கதையைப் படிப்பதும், 20 வரை எண்களை எழுதுவதும், ஆறாம் படியில் செய்தித்தாள் பத்தி ஒன்றைப் படிப்பதும், சொல்லக் கேட்டு எழுதுவதும். ஆண்டுக்கொரு முறை ஆய்வாளர் வருவார். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து சில வரிகள் படிக்கும். சிலேட்டில் கணக்கு எழுதிக் காட்டும். ஆய்வாளர் பட்டியலில் குறியிடுவார். அந்தக் குறிதான் பணம். பணம் பள்ளி நிர்வாகத்துக்குப் போனது, நிர்வாகம் அதைக் கணக்கிட்டு ஆசிரியரின் சம்பளத்தை நிர்ணயித்தது. ஆண்டு முழுவதும் ஒரே வாசகப் புத்தகம் திரும்பத் திரும்ப ஓதப்பட்டதால், பிள்ளைகள் பக்கத்தைப் பார்க்காமலே ‘படித்தனர்’. தேறுவது உறுதியான பிள்ளைக்கும் தேறவே வாய்ப்பில்லாத பிள்ளைக்கும் நேரம் செலவிடுவதில் ஆசிரியருக்குப் பயன் இல்லை. நடுவில் இருப்பவரை இழுத்துக் கரையேற்றுவதே லாபம். சரித்திரமும் புவியியலும் காசு தராத பாடங்கள், ஆகவே பின்னுக்குப் போயின. கவிஞராகவும் பள்ளி ஆய்வாளராகவும் இருந்த மேத்யூ அர்னால்ட், பள்ளிகளின் அறிவுத்துடிப்பு அடங்கி எல்லாம் இயந்திரமயமாகிவிட்டதாக 1867ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதினார். அவர் அந்த அமைப்பின் உள்ளேயே இருந்தவர் என்பதால் அவருடைய சாட்சியத்துக்குத் தனி மதிப்பு உண்டு. லோவுக்கு நியாயம் செய்வதானால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அரசின் செலவு குறைந்தது. 1861இல் 8 லட்சம் பவுண்டுக்கு மேல் இருந்த கல்விக்கொடை 1865இல் ஆறரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 1870இல் தோன்றிய தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் இம்முறையை ஒழிப்பதை முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்துப் போராடியது. 1890களில் முறை படிப்படியாக நீக்கப்பட்டது. 1919இல் அமைந்த பர்ன்ஹாம் குழு தேசிய ஊதிய அளவுகளை வகுத்தது.

இதே முறை கடல் கடந்து மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை உதவிக்கொடைக்கு வழி திறந்தது. அடுத்த பத்தாண்டில் தேர்ச்சிவழிக் கொடை இங்கே நடைமுறைக்கு வந்தது. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் ஆணையமும் நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு இதையே பரிந்துரைத்தது. ஊரார் தந்த தானியத்திலும் சம்பளத்திலும் வாழ்ந்த திண்ணைப் பள்ளி வாத்தியார், முதன்முறையாக ஒரு வெளியாளின் மதிப்பெண்ணை நம்பிப் பிழைக்கும் நிலைக்கு வந்தார். எண்சுவடியையும் நிகண்டையும் சுற்றி அமைந்திருந்த திண்ணைப் பாடம், வகுப்புவாரி அரசுப் பாடத்துக்கு இடம்விடத் தொடங்கியது. வைஸ்ராய் கர்சன் காலத்தில், 1904இல் வெளியான கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறையைக் கைவிட்டது. தாயகத்தில் தோற்றுக்கொண்டிருந்த ஒன்றை, அதைவிட ஏழைப் பள்ளிகள் மீது இவ்வளவு காலம் சுமத்தி வைத்தது பெரிய அநீதி.

இந்தியாவில் இன்றுள்ள காலமுறை விதிகளை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரே பதவியில் 10 ஆண்டு முடித்தவருக்குத் தேர்வுநிலை, 20 ஆண்டு முடித்தவருக்குச் சிறப்புநிலை. கேந்திரிய வித்யாலயாக்களில் 12 ஆண்டில் முதுநிலை ஊதியம். மேலும் 12 ஆண்டு கழித்துத் தேர்வுநிலை, அதுவும் முதுநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காட்டுக்கு மட்டும். பதவி உயர்வு இதிலிருந்து வேறானது. தலைமையாசிரியர் பணியிடம் காலியானால்தான் பணிமூப்புப் பட்டியலில் அடுத்தவருக்கு அது கிடைக்கும். பல்லாண்டுகள் ஒரே பதவியில் தங்கிவிட நேர்பவருக்கு ஊதியத்திலாவது ஓர் ஏற்றம் கிடைக்கட்டும் என்பதே தேர்வுநிலை, சிறப்புநிலையின் நோக்கம்.

காலமுறை சோம்பேறிக்கும் உழைப்பாளிக்கும் ஒரே கூலி தருகிறது என்பது இதற்கு எதிரான முதல் வாதம். இதற்கு வலுவான சான்றாகக் காட்டப்படுவது ஆந்திரக் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு. மாணவரின் முன்னேற்றத்துக்கேற்ப ஊக்கத்தொகை பெற்ற பள்ளிகளில், இரண்டு ஆண்டு முடிவில் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்தது. ஊக்கத்தொகை இல்லாத பாடங்களிலும் உயர்ந்தது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. எனினும் அங்கே அளக்கப்பட்டது ஆண்டுத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட முன்னேற்றம்; தேர்வை நடத்தியது வெளியமைப்பு; கிடைத்தது அடிப்படைச் சம்பளத்துக்கு மேலான ஒரு சிறு தொகை. பதவி உயர்வு அப்படிப்பட்டதன்று. அது நிலையானது, ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவர் பட்டியலில் பின்தங்குவார். பொதுத்தேர்வின் தேர்ச்சி விழுக்காடு பிள்ளை எங்கே தொடங்கியது என்பதையும் சொல்வதில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அந்த ஆந்திரப் பள்ளிகளிலும் ஆசிரியர் வருகை மேம்படவில்லை. சோம்பலுக்கு மருந்தாகச் சொல்லப்படும் பணம், சோம்பலின் வெளிப்படையான அடையாளத்தை அசைக்கவில்லை. மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியரால் விளைவது 1 முதல் 14 விழுக்காடு வரை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காண்பதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் சுட்டிக்காட்டியது. செயல்திறனோடு ஊதியத்தைப் பிணைக்கும் விதியை 2013இல் மீண்டும் கட்டாயமாக்கிய இங்கிலாந்து, 2024இல் அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது.

தேர்ச்சியை விட்டுவிட்டால் மதிப்பீடே வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. மதிப்பீடு வேண்டும், வகுப்பறையில் அமர்ந்து பாடத்தைக் கவனித்தவர், கவனித்ததை ஆசிரியரிடமே சொல்லும் மதிப்பீடாக அது இருக்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வெளிப்படையான, ஆசிரியரும் பங்கேற்கும் மதிப்பீட்டைத்தான் கோரியது. நடைமுறையில் இருந்ததோ மேலதிகாரி எழுதும் இரகசியக் குறிப்பு. தேவ் தத் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், குறிப்பில் இடும் ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகே அந்தத் திரை விலகியது.

2020ஆம் ஆண்டின் புதிய கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியையும் தகுதிவழிப் பதவி உயர்வையும் முன்வைக்கிறது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. ஓய்வுபெற 5 ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் பணியில் தொடர 2 ஆண்டுக்குள் அதில் தேற வேண்டும், 5 ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் தேறாமலே தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது.