ஒரு டவுசருக்கு எதுக்கு ஒரு 'ஸ்'?

ஒரு ஆளு, ஒரு இடுப்பு, ஒரு டவுசர். இதை இங்கிலீஷ்காரர் மட்டும் ஏன் பன்மையில சொல்றார்? ட்ரவுசர்ஸ், பேண்ட்ஸ், ஷார்ட்ஸ், பைஜாமாஸ்... சட்டைக்கும்தான் ரெண்டு கை இருக்கு. ஆனா அது ஒருமைதான். ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்ச விஷயம் இது.

வழக்கமா எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணு உண்டு. அந்தக் காலத்து ஐரோப்பாவுல ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியா ஒரு துணிக்குழாய் மாட்டி, மேல கயிறு போட்டுக் கட்டிக்குவாங்களாம். ரெண்டு உருப்படி, அதனால பன்மை. இது கதை இல்லை, நிஜம். 'ஹோஸ்'னு அதுக்குப் பேரு. 15ஆம் நூற்றாண்டு வாக்குலதான் ரெண்டையும் சேர்த்துத் தைக்கிற வழக்கம் பரவிச்சு.

ஆனா கணக்கு இதோட முடியலை. இன்னொரு பழைய சொல் 'பிரீச்சஸ்'. பழைய ஆங்கிலத்துல ஒருமை 'ப்ரோக்', பன்மை 'ப்ரேக்' (ஃபுட் – ஃபீட் மாதிரி). காலப்போக்குல 'ப்ரேக்' பன்மைங்கிறதே மறந்துபோய், அதுக்கு மேல இன்னொரு பன்மை விகுதியை ஒட்ட வச்சுட்டாங்க. நாம 'மரங்கள்கள்'னு சொன்னா எப்படி இருக்கும், அந்தக் கதைதான் :-)

'ட்ரவுசர்ஸ்' இன்னும் வேடிக்கை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கத்துக் கேலிக் மொழிச் சொல்லுலேருந்து வந்தது. அங்கே அது ஒருமை! கடைசியில வர்ற 'ஸ்' ஓசை மூலச் சொல்லோடயே பிறந்தது. இங்கிலீஷ்காரர் காதுக்கு அது பன்மையாக் கேட்டுச்சு. 'பேண்ட்ஸ்' வந்தது வெனிஸ் நகரத்து நாடகக் கோமாளிக் கிழவர் பாண்டலோனே பேருலேருந்து. அவர் பேரால 'பாண்டலூன்ஸ்' ஆகி, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல 'பேண்ட்ஸ்'னு சுருங்கிச்சு. இதெல்லாம் வந்து சேர்ந்தப்ப ரெண்டு காலும் ஒண்ணாத்தான் தைச்சிருந்தது. ஆனா 'கவட்டை மாதிரி ரெண்டாப் பிரியற சாமானுக்கு ஸ் போடு'ங்கிற பழக்கம் அதுக்குள்ள ஊறிப்போச்சு. கத்திரிக்கோல், மூக்குக்கண்ணாடி, குறடு எல்லாத்துக்கும் அங்கே பன்மைதான்.

இப்ப நம்ம ஊர்ச் சரக்குக்கு வருவோம். பைஜாமா! பாரசீகத்துல 'பாய்' கால், 'ஜாமா' உடுப்பு. கால் உடுப்பு, அவ்வளவுதான். இந்தியில, உருதுவுல ஒரு பைஜாமா ஒரு பைஜாமாதான். இங்கே வந்த வெள்ளைக்காரர் ராத்திரி படுக்கறதுக்கு வசதியா இருக்குன்னு எடுத்துக்கிட்டு, ஊருக்குக் கொண்டுபோய் வாலுல ஒரு 'ஸ்' தைச்சுட்டார்.

நாம தலைகீழ். அவங்க சொல்லை வாங்கினோம், வாலை வெட்டினோம். பேண்ட், டவுசர், ஜீன்ஸ் (இதுல மட்டும் வால் தப்பிச்சுது, ஆனாலும் 'ஒரு ஜீன்ஸ்'தான்). அர்த்தத்தைக்கூட மாத்திட்டோம். அங்கே ட்ரவுசர்ஸ்னா முழுக்கால், இங்கே டவுசர்னா அரைக்கால்.

காலேஜ் முடிச்சுப் பட்டணத்துக்குப் போன புதுசுல, ஒரு ஜவுளிக்கடையில "ஒரு பேண்ட் காட்டுங்க"ன்னேன். பக்கத்துல நின்ன பெரியவர் சிரிச்சுக்கிட்டே "பேண்ட்ஸ்னு சொல்லணும் தம்பி, எந்த ஊரு?"ன்னார். "சுவாமிமலை"ன்னு மெதுவாச் சொன்னேன். அன்னிக்கு எனக்குப் பதில் தெரியாது. இன்னிக்குத் தெரியும்.

நன்னூல்ல 'பால்பகா அஃறிணைப் பெயர்'னு ஒரு வகை உண்டு. மாடு வந்தது, மாடு வந்தன, ரெண்டும் சரி. ஒருமையா பன்மையான்னு பெயர் காட்ட வேண்டியதில்லை, வினை காட்டிடும். ஜோடியா இருக்கறதையும் நாம ஒண்ணாத்தான் பார்க்கறோம். சுவாமிமலைக் கோயில்ல அறுபது படியும் ஏறித் தரிசனம் முடிச்சு இறங்கினவர் "செருப்பைக் காணோம்"னா, ரெண்டும் போச்சுன்னு அர்த்தம். ஒண்ணு மட்டும் போனாத்தான் 'ஒத்தச் செருப்பு'ன்னு தனியாச் சொல்லணும். ஸ்தபதி பட்டறையில ரெண்டு கைப்பிடி இருந்தாலும் குறடு ஒரு குறடுதான்.

நம்ம உடுப்புப் பேரையே பாருங்க. துணி, துண்டு, பழந்தமிழ் 'அறுவை', எல்லாமே வெட்டுறது, அறுக்கறதுங்கிற வேர்லேருந்து வந்தவை. தறியிலேருந்து அறுத்தா ஒண்ணு. நாம எண்ணறது துண்டை, அவங்க எண்ணறது காலை.

அதனால 'ஒரு பேண்ட்'ங்கிறது அரைகுறை இங்கிலீஷ் இல்லை, முழுசாத் தமிழ். பைஜாமாவுக்கு 'ஸ்' தைக்க அவங்களுக்கு எவ்வளவு உரிமையோ, பேண்ட்ஸுக்கு 'ஸ்' பிரிக்க நமக்கும் அவ்வளவு உரிமை. இங்கிலீஷ்ல பேசறப்ப அவங்க கணக்கு, தமிழ்ல பேசறப்ப நம்ம கணக்கு. இன்னொரு சேதி: இப்ப அந்த ஊர்த் துணிக்கடை விளம்பரங்கள்லயே 'எ ட்ரவுசர்', 'எ பேண்ட்'னு ஒருமையில எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க கிட்டயும் யாராவது "எந்த ஊரு?"ன்னு கேட்டா நல்லா இருக்கும்!