மாதர் நலமும் ஹார்மோன் மருந்தும்

மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் நம் இல்லத்துப் பெண்மணிகள் படும் துன்பம் பெரும்பாலும் அவர்கள் வாய்விட்டுச் சொல்லாதது. உடல் திடீரெனக் கொதித்தல், நள்ளிரவில் வியர்த்து விழித்தல், உறக்கமின்மை ஆகிய யாவும் 'வயதானால் அப்படித்தான்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இதற்கு மருந்து கண்ட வரலாறு யாவரும் அறியத்தக்கது. நாம் மருத்துவர் அல்லோம். ரயில்வே அலுவலகக் குமாஸ்தா. ஆயினும், இவ்வரலாற்றின் முடிச்சு ஒரு கணக்கில் இருப்பதால் எழுதத் துணிந்தோம்.

சினைப்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் குறைவதே இத்துன்பத்திற்குக் காரணம். அப்பொருளை அறிஞர்கள் 1929-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தனர். 1942-இல், சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த 'பிரிமாரின்' என்னும் மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 1966-இல் ராபர்ட் வில்சன் என்னும் மருத்துவர், மாதவிலக்கு நிற்பதே ஒரு குறைபாட்டு நோய் என்றும், இம்மருந்து இளமையைக் காக்கும் என்றும் நூல் எழுதினார். மாதர் பலர் நம்பினர். 1975-இல் வெளியான ஆய்வுகளோ, ஈஸ்ட்ரோஜனை மட்டும் உண்போர்க்குக் கருப்பைப் புற்றுநோய் மிகுதல் கண்டன. அதன்பின், கருப்பை உள்ளவர்க்குப் புரொஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பரவிற்று.

இக்கூட்டு மருந்து இதயத்தையும் காக்கும் என்று பலர் கருதினர். அதனைச் சோதிக்க அமெரிக்காவில் 16,608 மாதரிடம் பேராய்வு நடந்தது. ஒரு பாதியினர் மருந்தும், மறு பாதியினர் வெற்று மாத்திரையும் பெற்றனர். 2002 ஜூலையில் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் பேரில் மார்பகப் புற்றுநோய் 30-இலிருந்து 38 ஆகவும், இதயநோய் 30-இலிருந்து 37 ஆகவும் உயர்ந்தன. இடுப்பெலும்பு முறிவு 15-இலிருந்து 10 ஆகக் குறைந்தது.

'புற்றுநோய் 26 சதவிகிதம் மிகுந்தது' என்ற செய்தி உலகை நடுங்க வைத்தது. பதினாயிரத்தில் எட்டுப் பேர் என்று சொல்லியிருந்தால் அத்தனை அச்சம் பிறந்திராது. இரண்டும் ஒரே கணக்கே! மேலும், ஆய்வில் சேர்ந்தோரின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள், அறுபது வயதிற்குள் தொடங்குவோர்க்கு ஆபத்துக் குறைவு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதற்குள் துன்புற்ற மாதர் பலர் பயந்து மருந்தைக் கைவிட்டிருந்தனர்.

முன்பு அளவிறந்த புகழ்ச்சி. பின்பு அளவிறந்த அச்சம். இரண்டிலும் இழப்பு மாதர்க்கே. கொதிப்பும் வியர்வையும் தணிய இதனினும் சிறந்த மருந்து இல்லை என்பது மருத்துவர் கருத்து. ஆனால், மார்பகப் புற்றுநோயோ, இரத்தக் கட்டோ, பக்கவாதமோ கண்டவர்க்கு இது பொதுவாக ஆகாது. எவருக்கு ஏற்றது என்பதை மருத்துவரே நேரில் ஆய்ந்து கூற வேண்டும்.

ஆகவே அன்பர்களே, நம் வீட்டில் ஓர் அன்னையோ மனைவியோ இரவில் உறங்காது எழுந்து அமர்ந்திருந்தால், 'என்ன செய்கிறது?' என்று ஒரு வார்த்தை கேட்போமாக. மருத்துவரிடம் உடன் செல்வோமாக.