உள்ளவனுக்கே கொடுக்கும் விதி

போன வாரம் பேத்தி பதினோராம் வகுப்பு வேதியியல் புத்தகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, இங்க ஒரு விதி சொல்றாங்க. கொஞ்சம் தள்ளி, பெராக்சைடு இருந்தா அந்த விதி தலைகீழா மாறிடும்னு சொல்றாங்க. அப்போ அது என்ன விதி?" என்று கேட்டாள்.

பார்த்தேன். மார்கோவ்னிகாஃப் விதி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் இதை ஒரு பழமொழியால் விளக்குவார்: "பணக்காரனுக்குத்தான் கடன் கொடுப்பார்கள்." நம் ஊரில் பணம் பணத்தோடு சேரும் என்கிறோமே, அதேதான்.

புரோப்பீன் என்ற பொருளில் மூன்று கார்பன்கள். ஓரத்துக் கார்பனுக்கும் நடுக் கார்பனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு. அந்த ஓரத்துக் கார்பனிடம் இரண்டு ஹைட்ரஜன், நடுக் கார்பனிடம் ஒன்றுதான். இதோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்தால், புதிதாக வரும் ஹைட்ரஜன் ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவனிடமே போகிறது. புரோமின் நடுவில் உட்காருகிறது.

இதை 1870-ல் சொன்னவர் ரஷ்யாவின் கசான் பல்கலைக்கழகத்தில் இருந்த விளாதிமிர் மார்கோவ்னிகாஃப். புகழ்பெற்ற புட்லெரோவின் மாணவர். ஒரு ஜெர்மன் ஆய்விதழில் வேறு விஷயம் பற்றி எழுதிய கட்டுரையின் கடைசியில்தான் இந்த விதியைச் சேர்த்தார். மறு வருஷமே, சக பேராசிரியர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கியதைக் கண்டித்து, வேறு சிலரோடு தானும் ராஜினாமா செய்துவிட்டார். 1875-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் இதழில் பிரெஞ்சிலும் எழுதினார். 1904-ல் காலமானார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஹைட்ரஜன் புரோமைடு விஷயத்தில் மட்டும் ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒருவருக்கு விதிப்படி வந்தது. இன்னொருவருக்கு எதிர்மாறாக வந்தது. அதே பொருள், அதே செய்முறை. வெளிச்சம், சூடு, கரைப்பான் என்று ஒவ்வொன்றையும் சந்தேகித்துப் பார்த்தார்கள். விடை கிடைக்கவில்லை.

ரஷ்யப் பேரரசில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா போய், சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான மோரிஸ் கராஷ் என்பவர் தன் மாணவர் ஃபிராங்க் மேயோவுடன் இதில் இறங்கினார். அல்லைல் புரோமைடு என்ற பொருளை எடுத்துக்கொண்டார்கள். சுத்தமாக, காற்றுப் படாமல் வைத்துச் செய்தபோது மெதுவாக நடந்தது, விதிப்படியே வந்தது. காற்றுப் பட்டிருந்தால் வேகமாக நடந்தது, முடிவும் தலைகீழானது. காற்றில் இருந்த பொருளில் கண்ணுக்குத் தெரியாமல் துளி பெராக்சைடு உண்டாகியிருந்தது. அதுதான் காரணம். 1933-ல் வெளியிட்டார்கள்.

இதன் உள்விவரம் 1937 வாக்கில் தெளிவானது. சாதாரணமாக ஹைட்ரஜன்தான் முதலில் வரும். அது ஓரத்தில் உட்கார்ந்தால், நடுக் கார்பன் மின்னேற்றத்தைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் துணை இருக்கிறதே. அப்புறம் புரோமின் அங்கே வந்து சேரும். பெராக்சைடு இருந்தால் புரோமின் அணு முந்திக்கொண்டு வந்து ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பின்னால் வரும் ஹைட்ரஜனுக்கு நடுவிடம்தான் மிச்சம். இரண்டு வழியிலும் சுமையைத் தாங்குவது நடுக் கார்பன்தான். யார் முதலில் வருகிறார் என்பதுதான் வித்தியாசம்.

"அப்போ விதி தப்பில்லையா தாத்தா?"

"தப்பில்லைம்மா. எதிர்மாறாக் கிடைச்சுதுன்னு சொன்னவங்களும் பொய் சொல்லலை."

அதைச் சொன்னபோது எனக்கு என் பழைய மேஜை ஞாபகம் வந்தது. குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஒரு அம்மாள் வந்தார். இரண்டு காகிதங்களில் அவர் பிறந்த தேதி ஒன்பது நாள் வித்தியாசமாக இருந்தது. "முரண்பாடு உள்ளது" என்று எழுதி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினேன். நாலு மாதம் அலைந்தார். கடைசியில் என் மேலதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்று பிறந்த நாள், மற்றது கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த நாள் என்று ஒரு நிமிஷத்தில் சொன்னார். இரண்டு காகிதமும் உண்மைதான். எதை எதற்காக எழுதினார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

இரண்டு நேர்மையான ஆட்கள் எதிரெதிராகச் சொன்னால், ஒருவர் பொய்யர் என்று முடிவு கட்டாமல், பாட்டிலில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தேடினார் கராஷ். நான் தேடவில்லை. அந்த அம்மாளிடம் அன்றைக்கு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. பேத்தியிடம் இதையும் சொன்னேன். அவள் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் "முதலில் வருவது யார்?" என்று எழுதிக்கொண்டாள்.