ஓலாவ்: மூதாதையர் விட்டுச்சென்ற பெயர்

மக்கட்பெயர்கள் மொழி வரலாற்றையும் நாட்டு வரலாற்றையும் ஒருங்கே காட்டவல்லன. நார்வே நாட்டில் வழங்கும் ‘ஓலாவ்’ என்னும் ஆண்பாற் பெயர் அதற்குத் தக்க சான்றாகும்.

இப்பெயரின் தொன்மையான வடிவம் ‘அனுலைபாஸ்’ என மொழிநூலார் மீட்டுரைப்பர். ‘அனு’ என்பது மூதாதை. ‘லைபாஸ்’ என்பது எஞ்சியது அல்லது விட்டுச்செல்லப்பட்டது. எனவே, மூதாதையரின் வழித்தோன்றல் என்பது இதன் பொருளாம். பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் ‘பெயரன்’ என்ற தமிழர்க்கு இக்கருத்துப் புதிதன்று. இடைநின்ற மூக்கொலி நார்வேயில் காலப்போக்கில் மறைந்தது. ஆயினும், வைக்கிங்குகளோடு பழகிய அயர்லாந்தார் எழுதிவைத்த ‘அம்லைப்’ என்னும் வடிவில் அதன் சுவடு மகரமாய் எஞ்சியுள்ளது.

1030ஆம் ஆண்டு ஸ்டிக்லஸ்டாட் போரில் மன்னர் ஓலாவ் ஹரால்சன் வீழ்ந்தார். மறு ஆண்டே அவர் புனிதராகப் போற்றப்பட்டார். அவரது கல்லறை இருந்த நிடரோசுக்கு அடியார்கள் திரண்டனர், பெயரும் பரவியது. சுவீடனில் ‘ஓலோஃப்’ எனவும் டென்மார்க்கில் ‘ஓலுஃப்’ எனவும் அது வழங்கலாயிற்று.

ஆறாம் ஹாகோன் 1380இல் மறைய, அவர் மைந்தர் நான்காம் ஓலாவ் அரசரானார். அவரும் 1387இல் இளமையிலேயே இறந்தார். அதன்பின் நார்வே 1814 வரை டென்மார்க்கோடும், பின்னர் 1905 வரை சுவீடனோடும் பிணைந்திருந்தது. அந்த 518 ஆண்டுகளில் ஹாகோன் என்றோ ஓலாவ் என்றோ பெயர்கொண்ட அரசர் எவரும் அந்நாட்டில் தோன்றிலர்.

1905இல் தனிநாடாகிய நார்வே, டென்மார்க் இளவரசர் கார்லை அரசராக அழைத்தது. மக்கள் இசைவின்றி முடிசூட அவர் உடன்படவில்லை; வாக்கெடுப்பில் ஐவரில் நால்வர் அளவினர் இசைந்தனர். அவர் ஏழாம் ஹாகோன் ஆனார். அலெக்சாண்டர் என்னும் அவருடைய இரண்டு அகவை மகன் ஓலாவ் ஆனான். அறுந்துபோன மரபின் இறுதித் தந்தை மகன் பெயர்கள் இரண்டும் மீண்டும் ஒருங்கே எழுந்தன.

எனினும், பெயர் மட்டுமே உரிமை தந்துவிடாது. 1940இல் நார்வேயைத் தாக்கிய செர்மானியர், குவிஸ்லிங்கைத் தலைமை அமைச்சராக்குமாறு வற்புறுத்தினர். அதற்கு இணங்குவதினும் முடிதுறப்பதே மேல் என்றார் ஹாகோன். மகனும் உடன்நின்று, இலண்டனில் புலம்பெயர்ந்து வாழ்ந்து, 1945இல் தாயகம் மீண்டார். 1957 முதல் 1991 வரை ஐந்தாம் ஓலாவாக அரசாண்டார்.

மூதாதையர் விட்டுச்சென்றது பெயர். அதற்குரிய தகுதியைத் தாங்குவோரே ஈட்டுதல் வேண்டும்.