கொல்லிமலையில் சிக்னல் போனால் உங்களுக்கு வரும் கால் எங்கே போகும்? கால் ஃபார்வேர்டிங் பற்றி தெரிந்துகொள்ள வேண்டியவை

நாமக்கல் மாவட்டம் காரவல்லி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மலையைச் சுற்றி வளைவு ஏற ஏற, செல்போனில் சிக்னல் கோடும் ஏறி இறங்கும். அறப்பளீஸ்வரர் கோயிலில் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவிக்குப் போகிறவர்கள், ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்கு வருகிறவர்கள், மிளகு, காபி விலை கேட்டு வியாபாரி போனுக்குக் காத்திருக்கும் உள்ளூர் விவசாயிகள் என எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: சிக்னல் இல்லாத நேரத்தில் முக்கியமான கால் வந்தால் என்ன ஆகும்?

அந்த காலை வேறு நம்பருக்கு திருப்பிவிடும் வசதிதான் கால் ஃபார்வேர்டிங். இதே வசதியை வைத்துத்தான் மோசடியும் நடக்கிறது. இரண்டையும் பார்க்கலாம்.

கால் ஃபார்வேர்டிங் எப்படி வேலை செய்கிறது?

பலரும் நினைப்பதுபோல இந்த செட்டிங் உங்கள் போனில் சேமிக்கப்படுவதில்லை. நீங்கள் கொடுக்கும் நம்பர், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் உங்கள் கணக்கோடு பதிவாகிறது. அதனால் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆனாலும், பேட்டரி தீர்ந்தாலும், சிக்னலே இல்லாத பள்ளத்தில் இருந்தாலும் கால் திருப்பிவிடப்படும்.

இதில் 4 வகைகள் உண்டு.

* எல்லா காலும்: உங்கள் போன் ரிங் ஆகாமலேயே வேறு நம்பருக்குப் போகும். கோடு 21.
* எடுக்காவிட்டால்: சில நொடிகள் ரிங் ஆன பிறகு போகும். கோடு 61.
* தொடர்பு கிடைக்காவிட்டால்: சிக்னல் இல்லாதபோது, ஸ்விட்ச் ஆஃப் ஆனபோது மட்டும் போகும். கோடு 62.
* பிஸியாக இருந்தால்: நீங்கள் வேறு காலில் பேசும்போது போகும். கோடு 67.

மலைக்குப் போகிறவர்களுக்குப் பொருத்தமானது மூன்றாவது வகை. சிக்னல் இருக்கும்போது கால் உங்களுக்கே வரும். இல்லாதபோது மட்டும் வீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ போகும்.

எப்போது, எப்படி செட் செய்வது?

சிக்னல் இருக்கும்போதே செய்ய வேண்டும். நெட்வொர்க்கில் பதிவாக வேண்டிய விஷயம் என்பதால், சிக்னல் போன பிறகு செட் செய்ய முடியாது. அதனால் நாமக்கல்லிலோ சேந்தமங்கலத்திலோ இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

ஆண்ட்ராய்டு போனில் டயலர் ஆப்பைத் திறந்து, செட்டிங்ஸில் 'கால் ஃபார்வேர்டிங்' என்பதைத் தேடினால் நான்கு வகைகளும் தனித்தனியாகத் தெரியும். மெனுவின் பெயர் போனுக்கு போன் கொஞ்சம் மாறலாம். ஐபோன் செட்டிங்ஸில் பொதுவாக 'எல்லா காலும்' என்ற வகை மட்டுமே இருக்கும்.

கட்டணம் யாருக்கு? உங்களைக் கூப்பிடுகிறவர் உங்கள் நம்பருக்கான கட்டணத்தைத்தான் கொடுக்கிறார். அங்கிருந்து அடுத்த நம்பருக்குப் போகும் பகுதி உங்கள் கணக்கில் சேரும்.

இன்னொரு விஷயம். கால் மட்டும்தான் திருப்பிவிடப்படும். எஸ்எம்எஸ் போகாது. அது நெட்வொர்க்கில் காத்திருந்து, சிக்னல் வந்ததும் உங்கள் போனுக்கே வரும்.

வாய்ஸ்மெயில் என்ன ஆனது?

போனை எடுக்காவிட்டால் கூப்பிட்டவர் குரலில் தகவல் பதிவு செய்துவிட்டு வைப்பதுதான் வாய்ஸ்மெயில். இதுவும் ஒருவகை கால் ஃபார்வேர்டிங்தான். கால் ஒரு ஆளுக்குப் போகாமல், நிறுவனத்தின் பதிவுப் பெட்டிக்குப் போகிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் இது சாதாரணம். நம் ஊரில் மிஸ்டு கால் கொடுத்தாலே போதும் என்ற பழக்கமும், பிறகு வந்த வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. இங்கே நிறுவனங்கள் 'மிஸ்டு கால் அலர்ட்' எஸ்எம்எஸ் அனுப்புகின்றன. சிக்னல் வந்ததும் யார் கூப்பிட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

மோசடி எப்படி நடக்கிறது?

"சார், உங்க பார்சல் வந்திருக்கு, அட்ரஸ் கிடைக்கல. மெசேஜ்ல ஒரு கோடு அனுப்பியிருக்கேன், அதை டயல் பண்ணுங்க, டெலிவரி பையனுக்கு லைன் போகும்" என்று கால் வரும். நெட்வொர்க் கம்பெனியில் இருந்து பேசுவதாகவும், சிக்னல் பிரச்சனையைச் சரிசெய்வதாகவும் சொல்வார்கள். சிக்னலுக்குத் தவிக்கும் ஊரில் இதை நம்புவது எளிது.

அனுப்பப்படும் கோடு 21 அல்லது 401 என்று தொடங்கி, பின்னால் ஒரு 10 இலக்க செல் நம்பர் இருக்கும். அதை டயல் செய்த நொடியில் உங்கள் கால் எல்லாம் அந்த நம்பருக்குப் போய்விடும். ஓடிபி எஸ்எம்எஸ் அவர்களுக்குப் போகாது. ஆனால் வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் ஓடிபியை கால் மூலம் கேட்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்வு செய்து, உங்கள் வாட்ஸ்அப்பை அவர்கள் போனில் திறந்துவிடுவார்கள். பிறகு உங்கள் பெயரில் உறவினர்களிடம் பணம் கேட்பார்கள். சந்தேகப்பட்டு யாராவது உங்களுக்கு போன் செய்தாலும், அந்த காலும் மோசடிக்காரருக்கே போகும்.

போனை ஆஃப் செய்து ஆன் செய்தாலோ, வேறு போனுக்கு சிம்மை மாற்றினாலோ இது நீங்காது. காரணம் முன்பு சொன்னதுதான்: செட்டிங் இருப்பது நெட்வொர்க்கில்.

இந்த மோசடிகள் காரணமாகத்தான், *401# டயல் செய்து பெறும் யுஎஸ்எஸ்டி முறை கால் ஃபார்வேர்டிங்கை 2024 ஏப்ரல் 15 முதல் மறு உத்தரவு வரும் வரை நிறுத்தும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் ஃபார்வேர்டிங் வசதியே ரத்தாகிவிடவில்லை. கோடு அனுப்பி ஏமாற்றுவதும் நிற்கவில்லை.

உங்கள் போனை எப்படி செக் செய்வது?

* *#21# டயல் செய்யுங்கள். எல்லா காலும் எங்காவது போகிறதா என்று திரையில் தெரியும்.
* *#62# டயல் செய்தால், சிக்னல் இல்லாதபோது கால் எங்கே போகிறது என்று தெரியும். இங்கே தெரியாத நம்பர் வந்தால் உடனே பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது நிறுவனத்தின் மிஸ்டு கால் அலர்ட் நம்பராக இருக்கும். சந்தேகம் இருந்தால் கஸ்டமர் கேரில் கேளுங்கள்.
* ##002# டயல் செய்தால் எல்லா ஃபார்வேர்டிங்கும் ரத்தாகும். மிஸ்டு கால் அலர்ட்டும் இதோடு நின்றுபோகலாம்.
* ஜியோவில் இதற்கான கோடுகள் வேறு. கோடு வேலை செய்யாவிட்டால் போன் செட்டிங்ஸில் பாருங்கள்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு கால் செய்ய வேண்டும். பணம் போகவில்லை, மோசடி கால் மட்டும் வந்தது என்றால், சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யலாம்.

மலையில் இருந்து இறங்கியதும் ஃபார்வேர்டிங்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள். யாராவது சொல்லி * அல்லது # உள்ள கோடு எதையும் டயல் செய்யாதீர்கள். உங்கள் கால் எந்த நம்பருக்குப் போக வேண்டும் என்பதை நீங்கள் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.