கடல் கொண்டதும் கடல் சொன்னதும்

செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில் நின்று நோக்கினால் குன்றுகளும் வயல்களுமே கண்ணில் படும். எனினும் நம் விழுப்புரம் மாவட்டம் கிழக்கே மரக்காணக் கடற்கரையில்தான் முடிகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அக்கரையையும் தாக்கியது. கடலறிவைப் பற்றிச் சிந்திக்கும் கடமை, ஆகவே, உள்நாட்டில் வாழும் நமக்கும் உண்டு.

தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதென இறையனார் களவியல் உரை கூறும். அது வரலாறா தொன்மமா என்பது தனி விவாதம். கடல் எல்லை மீறும் என்னும் நினைவு நம் மரபில் இருந்தது. அந்நினைவு எவரையும் காக்கும் ஏற்பாடாக மாறவில்லை.

அறிவியலுக்கும் இதே நிலைதான். 1959 முதல் 1965 வரை பல நாடுகள் கூடிப் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வை நடத்தின. இந்தியக் கடற்படையின் 'கிஸ்த்னா' கப்பலும் அதில் பங்கேற்றது. அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1966இல் நம் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது. அதன் தலைமையகம் கோவாவில் உள்ளது. கடலின் வெப்பமும் உப்பும் நீரோட்டமும் அளக்கப்பட்டன. ஆனால் அலை வருமுன் கரைக்குச் சொல்லும் பொறுப்பை எந்த அரசும் ஏற்கவில்லை.

பசிபிக்கில் நடந்தது வேறு. 1960இல் சிலி நாட்டு நிலநடுக்கத்தால் எழுந்த அலை ஹவாயிலும் ஜப்பானிலும் உயிர்களைக் குடித்தது. 1965இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் அப்பெருங்கடல் நாடுகளை ஓர் எச்சரிக்கை அமைப்பில் இணைத்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அத்தகைய அமைப்பு இல்லை. 2004இல் சுமத்ரா நிலநடுக்கத்தை ஹவாய் மையம் உணர்ந்தது. நம் கரைகளுக்குச் செய்தி சேர்க்க வழி இல்லை. அலை தமிழகத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்நேரம் வீணாயிற்று. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8000 பேர் மாண்டனர்.

அதன்பிறகே அரசுகள் அசைந்தன. 2005இல் அதே ஆணையம் இந்தியப் பெருங்கடல் எச்சரிக்கை அமைப்புக்கு வித்திட்டது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் நம் எச்சரிக்கை மையம் தொடங்கியது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் பெருங்கடல் முழுமைக்கும் எச்சரிக்கை வழங்குகின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது, செய்தி நிமிடங்களில் நாடுகளைச் சென்றடைந்தது.

இறுதிப் படி இன்னும் எஞ்சியுள்ளது: செய்தி மீனவர் குடிசைவரை சேரவேண்டும். 2020இல் ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி ஆகிய இரு ஊர்களை, ஆழிப்பேரலைக்கு ஆயத்தமானவை என யுனெஸ்கோ ஆணையம் ஏற்றது. ஓடவேண்டிய பாதையும் ஒதுங்கவேண்டிய மேட்டிடமும் ஊரார் அனைவருக்கும் தெரிந்திருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. மரக்காணத்துக் குப்பங்கள் ஒவ்வொன்றிலும் அது தெரிந்திருக்கிறதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.